அரக்குப் பாவு, சந்தன ஊடை

கம்ப்யூட்டர் திரையில் இருந்த பாரத மாதாவின் கன்னத்தைக் கலியாணசுந்தரம் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அழுக்கு போகவில்லை. அழுக்காக இருந்தால்தானே போவதற்கு.

"இன்னாம்மா இது, ஆப்பிரிக்காக்காரியாட்டம் கீது?"

நதியாவுக்குக் காது சூடேறியது. பட்டு நெசவாளர் சங்கத்தில் டிசைன் போடும் வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் அவள் ஆசைப்பட்டுப் போட்ட முதல் முகம் அது. சுதந்திர தினத்தன்று மேடைக்குப் பின்னால் தொங்கப்போகும் ஆறடிப் பட்டுத் திரை. அந்த நெற்றியும் மூக்கும் நிறமும் கல்லூரி விடுதியில் இட்லி அவிக்கும் அவள் அம்மா சம்பூர்ணத்தினுடையவை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அதை ஊர் நடுவில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆப்பிரிக்காவையும் அதே வெள்ளைக்காரன்தான சார் புடிச்சி வெச்சிருந்தான்?"

"அதுக்கு? மாதாவுக்கு ஒரு லட்சணம் வேணாவா? செவப்பா, நல்ல வீட்டுப் பொண்ணாட்டம் இருக்கணும். சந்தனக் கலர் போடு."

"அவன் போயிட்டான்னுதான கொடி ஏத்துறோம். அவன் தோலு மட்டும் எதுக்கு சார்?"

சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஆண்டுக்கு நாற்பது நிமிடம் பேசுபவர். மிச்ச நேரத்தில் மகனுக்குப் பெண் தேடுபவர். அதற்குக் கொடுத்த விளம்பரத்தில் 'நல்ல சிவப்பு' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தார்.

"சந்தனம். இல்லன்னா திரையே வேணாம்."

நதியா தறிக்கு ஓடினாள். நெடுக்கே ஓடும் பாவு முழுவதும் அரக்கு நிறத்தில் ஏற்றியாகிவிட்டது. குறுக்கே ஊடை போடுவதுதான் பாக்கி. நெசவாளி கைலாசம் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"ஊடையத்தான சந்தனம்னாரு? போட்டுடலாம்மா. பாவப் பத்தி வாயே தொறக்கலியே அந்த மனுசன்."

புரிந்ததும் நதியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமானால், நேரே பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று. மயில்கழுத்துப் புடவை என்று ஊரே விற்கும் வித்தை.

"அவரு கண்டுபுடிச்சிட்டாருன்னா அண்ணா?"

"கல்லாவ உட்டு எழுந்து வந்து தறிய பாத்திருந்தா கண்டுபுடிப்பாரு."

நெய்து முடித்த திரையை அலுவலக மேசையில் விரித்து, டியூப் லைட்டுக்கு அடியில் நேராகக் குனிந்து பார்த்தார் தலைவர். சந்தனம். "இப்பதான் மாதா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் தலையைச் சாய்ப்பதற்குள் நதியா திரையைச் சுருட்டிவிட்டாள்.

பதினைந்தாம் தேதி காலை. கொடி ஏறியது. "நெறத்த வெச்சிதான் வெள்ளைக்காரன் நம்மள அடிமையாக்கினான்!" என்று தலைவர் மைக்கில் முழங்கினார். அந்த நேரம் பார்த்து வெயில் பக்கவாட்டில் திரையின் மேல் சாய்ந்தது. தெருவில் நின்றவர்களுக்கு மாதாவின் முகம் நெற்றியில் தொடங்கி மெல்லக் கறுத்து இறங்கியது.

"டேய், நம்ம சம்பூர்ணக்காடா!"

விசில். கைதட்டல். நாற்காலிமேல் ஏறி நின்று ஒருவன் போட்டோ எடுத்தான். கலியாணசுந்தரம் அத்தனையும் தன் பேச்சுக்கென்று எண்ணிக் குரலை இன்னும் ஏற்றினார். ஆனாலும் எல்லாக் கண்ணும் தன் தலைக்கு மேலே போவது உறுத்த, திரும்பிப் பார்த்தார். ஒட்டி நின்று நேரே பார்த்த அவருக்குச் சந்தனம். மறுபடி திரும்பினார். சந்தனமேதான்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?" கூட்டத்தின் கடைசியில் சம்பூர்ணம் மகளின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

காற்று வந்து திரையை உப்ப வைத்தது. சந்தனம் ஒரு கோடாகக் கன்னத்தில் ஓடி மறைய, அரக்கு மேலே எழுந்து வந்தது.