சிவப்பு வினாடி முள்

கைக்கடிகாரம் நின்றுபோனால் உலகம் நின்றுவிடப் போவதில்லை. கைபேசியைத் தட்டினால் மணி தெரியும், எதிர்வீட்டு டிவியில் செய்தி வாசிக்க ஆரம்பித்தால் மணி தெரியும், வயிறுகூட ஓரளவு சரியாகவே சொல்லும். ஆனாலும் நேற்று மாலை, தன் கடிகாரத்தின் சிவப்பு வினாடி முள் முன்னால் நகர முடியாமல் ஒரே இடத்தில் கிடந்து துடிப்பதைப் பார்த்த சிஸ்டர் விளக்கைப் போடக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரி சிஸ்டர். ஓய்வு பெற்று மூன்றாவது வருடம் நடக்கிறது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். கட்டடத்தில் யாருக்கும் அவளுடைய பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை. குழந்தைக்குக் காய்ச்சலா, மாமனாருக்குத் தலைசுற்றலா, லிஃப்ட் ஓடாவிட்டாலும் மூச்சு வாங்க ஏறி வந்து கதவைத் தட்டுவார்கள். அவள் கையைப் பிடிப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், "ஒண்ணுமில்ல, தண்ணி நிறையக் குடிங்க" என்பாள். அவர்கள் நிம்மதியாக இறங்கிப் போவார்கள். இத்தனை நாளில் ஒருவர்கூட "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

சொல்லாத விஷயம் இதுதான். இரண்டு மாதமாக அவளுடைய நாடி தவறுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு துடிப்பைக் காணோம், அப்புறம் ஒன்று நெஞ்சுக்குள் தொப்பென்று விழும். தினமும் மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது மணிக்கட்டின் உட்புறம் பார்த்துக் கட்டிய கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, தன் நாடியைத் தானே எண்ணுவாள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தவறினால் வயசுக் கோளாறு, அதற்கு மேல் போனால் டாக்டர். இது அவளே போட்டுக்கொண்ட சட்டம். எந்த நோயாளியாவது இப்படிச் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பாள். தனக்கென்று வரும்போது சட்டம் ரப்பர் மாதிரி நீண்டது.

டாக்டருக்கு அவள் பயப்படவில்லை. அதற்கு முன்னால் வார்டு வாசலில் கேட்கும் ஒரு கேள்விக்குத்தான் பயந்தாள். "கூட யாரு வந்திருக்காங்க?" காலமெல்லாம் அவளே வாய் வலிக்கக் கேட்ட கேள்வி. பெரும்பாலோர் பின்னால் திரும்பிக் கை காட்டுவார்கள். சிலர் மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "யாரும் இல்லைங்க, நான்தான்" என்று ஏதோ தப்புச் செய்தவர்கள்போலச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு தன் முகத்திலும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

ஆகவே கடிகாரம் ஓடியாக வேண்டும். கைபேசியில் எண்ணிப் பார்த்தாள். இந்தப் பக்கம் நாடிக்கு ஒரு எண், அந்தப் பக்கம் திரையில் மாறும் எண், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பாதியில் கணக்கு குழம்பியது. முள் சுற்றினால்தான் அவளுக்கு எண்ண வரும். பழக்கம் அப்படி.

காலையில் பழைய பேட்டரியை மாத்திரைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாட்சைக் கொண்டு வந்திருந்தா நானே போட்டுத் தந்திருப்பேனேம்மா" என்றார்.

"நானே போட்டுக்குவேன்."

"இந்த அளவுல இது கடைசி. இரும்பால பிடிக்காதீங்க. கையாலயே ஓரத்தைப் பிடிச்சுப் போடுங்க, போதும்."

கையாலா! சிஸ்டர் வெளியே வந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றியவளுக்கு ஒரு பொட்டு அளவு பேட்டரியைப் போடப் பாடம் எடுக்கிறார் மனிதர். கை என்பது எங்கெல்லாம் பட்டிருக்கும், எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்.

மாலையில் மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள். எவர்சில்வர் தட்டில் மொட்டைக் கத்தி, பஞ்சு, பூதக்கண்ணாடி, இடுக்கி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். இடுக்கி என்றால் சாதாரண இடுக்கி இல்லை. ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கி, கத்தரிக்கோல் போலக் கைப்பிடி, அழுத்தினால் பல்லோடு பல் கவ்விக்கொண்டு நாமாக விடுவித்தாலொழிய விடாது. ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்தது. பார்த்தவர்கள் யாருக்கோ ஆபரேஷன் நடக்கப் போகிறது என்றே நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை.

கடிகாரத்தைக் குப்புறப் படுக்க வைத்தாள். பின்மூடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதில் கத்தியின் நுனியை வைத்து நெம்பினாள், டப்பென்று திறந்துகொண்டது. உள்ளே மயிரிழை தடிமனில் ஒரு ரப்பர் வளையம், நாணயம் கிடந்த குழிபோல பேட்டரியின் வெற்றிடம். வளையம் நழுவாமல் பார்த்துக்கொண்டாள். புதிய பேட்டரியை உறையிலிருந்து தட்டில் கொட்டி, பஞ்சால் துடைத்து, விரல் படாமல் இடுக்கியால் அதன் மேலும் கீழுமாகப் பிடித்தாள். க்ளிக். கச்சிதமாகக் கவ்விக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து கைபேசி அடித்தது. தம்பி. வாரம் ஒரு தடவை, கடமை தவறாமல் கூப்பிடுவான். இடுக்கியைப் பேட்டரியோடு அப்படியே தட்டில் வைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"சும்மாதான் இருக்கேன். நீங்க எல்லாம் எப்ப கிளம்பறீங்க? மெத்தை உறையெல்லாம் துவைச்சுப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இந்த லீவுக்கு வர முடியாது போலிருக்குக்கா. பசங்க கடற்கரைக்குப் போகணும்னு ஒரே அடம். இவ தங்கச்சி வீட்டுக்காரங்களும் வர்றாங்க, ரூமெல்லாம் போட்டாச்சு."

"அதுக்கென்ன, போயிட்டு வாங்க. பசங்க சின்ன வயசுலதானே அனுபவிக்க முடியும்."

"கோவமில்லையே?"

"போடா பைத்தியம்."

பிறகு அவன் பெரியவனின் மார்க்கைப் பற்றியும், சின்னவளின் பல் கம்பியைப் பற்றியும், மேலதிகாரி படுத்தும் பாட்டைப் பற்றியும் நிறையப் பேசினான். வரமாட்டேன் என்று சொன்னதற்கு ஈடுகட்டுகிறவன்போலப் பேசினான். அவள் ம், ம் என்றாள். நடுவில் நெஞ்சுக்குள் ஒன்று தொப்பென்று விழுந்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

"உன் உடம்பு எப்படிக்கா?" என்று அவனே கேட்டான்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"அதான் உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்றான் தம்பி சந்தோஷமாக. பின்னால் அவன் மனைவி கூப்பிடும் குரல் கேட்டது. வைத்துவிட்டான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். அதெல்லாம் சோற்றைக் கிளறிப் பார்க்க யாராவது இருந்தால்தான்.

மேஜைக்குத் திரும்பி, இடுக்கியை விடுவித்துப் பேட்டரியைக் குழிக்குள் வைத்து அழுத்தினாள். கடிகாரத்தைத் திருப்பினாள். சிவப்பு முள் அசையவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டாள். பக்கவாட்டுத் திருகை இழுத்து உள்ளே தள்ளினாள். காதில் வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பேட்டரியை விரலால் தொட்டாள், லேசாகச் சூடாக இருந்தது. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உறைத்தது. மேலும் கீழும் இரும்பு. அவள் போனில் ம் கொட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பேட்டரி இடுக்கி வழியாகவே தன்னைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. விடாத பிடி. யானைக்கும் அடி சறுக்கும், சரி, ஆனால் சுத்தம் பார்த்தே ஒன்றைச் சாகடிக்கிற சாமர்த்தியம் ஒரு சிஸ்டருக்குத்தான் வரும். கையால் தொட்டிருந்தால் போதும். வெறும் கையால்.

சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்தது. துவைத்து மடித்து வைத்த மெத்தை உறைகள் கட்டில்மேல் இருந்தன. அழுதால் நாடி இன்னும் கெடும் என்று அவளுக்குத் தெரியும், அந்த நினைப்பே நாடியைக் கெடுத்தது. ஒன்று விட்டது. இரண்டு துடித்து இன்னொன்று விட்டது. நிமிடத்துக்கு எத்தனை என்று தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது இங்கே விழுந்தால் எப்போது தெரியவரும் என்று யோசித்தாள். அடுத்து யாருக்காவது காய்ச்சல் வந்து கதவைத் தட்டும்போது.

கீழ்வீட்டு டைலரம்மாவின் தையல் அறையில் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. அதற்கு வினாடி முள்ளும் உண்டு. சிஸ்டர் முகத்தைக் கழுவிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கினாள்.

டைலரம்மா மிஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டைகளை அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி, அதோடேயே பேசக்கூடியவள். "வாங்க சிஸ்டர்! அந்தத் துணியைத் தள்ளிட்டு உட்காருங்க. உங்க திரைச்சீலை இன்னும் முடியல, என்னைத் திட்டாதீங்க. நாளைக்குக் காலைல இந்தச் சட்டைங்களைக் கொடுக்கலன்னா ஹெட்மாஸ்டர் என்னையே தைச்சிடுவாரு."

"திரைச்சீலைக்கு வரல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா? நீங்களா?" டைலரம்மா ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மிஷினை ஓட்டினாள்.

சிஸ்டர் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் எடுத்துப் போட்டுக்கொண்ட துணிக்கு அடியில் இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். மிஷின் தடதடத்தது. தரை அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது, எது இதயம் எது மிஷின் என்று பிரிக்க முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். மறுபடி விட்டது.

மிஷின் நின்றது. சிஸ்டரின் கண் கடிகாரத்தில் இருப்பதை டைலரம்மா பார்த்துவிட்டாள். "அடடா, எனக்கு நாடி பார்க்க வந்தீங்களா! போன வாரம் மயக்கமா வருதுன்னு சொன்னேன், ஞாபகம் வெச்சு இறங்கி வந்திருக்கீங்க பாருங்க" என்று ஊசிகளைத் துப்பிவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

நீட்டிய கையைப் பிடிக்காமல் இருக்க சிஸ்டருக்குத் தெரியாது. பிடித்தாள். எண்ணெய் போட்ட மிஷின் மாதிரி சீராக ஓடியது. "நல்லாயிருக்கு" என்றாள்.

டைலரம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சிஸ்டர் விடவில்லை.

"டைலரம்மா, எனக்கு ஒருதரம் பார்க்கறீங்களா?"

"எதை?"

"நாடியை."

"நல்லா ஆளைப் பிடிச்சீங்க! எனக்கு எண்ணத் தெரிஞ்சதெல்லாம் பட்டன்தான்."

"அது போதும்."

பிடித்த கையின் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். "கட்டைவிரல் வேண்டாம், அதுக்கே தனியா நாடி உண்டு. இந்த ரெண்டு விரல். லேசா அழுத்துங்க. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. குஞ்சு மாதிரி குதிக்குது."

ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாகிப்போன விரல்கள், ஆனால் வெதுவெதுப்பாக இருந்தன. இந்த மணிக்கட்டை இன்னொரு கை கடைசியாக எப்போது பிடித்தது என்று சிஸ்டர் நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. எத்தனை ஆயிரம் கைகளைப் பிடித்திருக்கிறாள்!

டைலரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உரக்க எண்ணினாள். பட்டன் கடைக்காரனிடம் எண்ணிச் சரிபார்க்கிற அதே குரல். "...பத்து, பதினொண்ணு, பன்னண்டு..." வாய் திறந்தபடியே நின்றது. "எங்க போச்சு? ஆங், பதிமூணு. பதினாலு, பதினஞ்சு..." மறுபடி நின்றது. இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. "சிஸ்டர், இங்க நடுவுல ஒண்ணு விட்டுப்போகுதே."

"ஆமா."

"ஆமாவா? உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இப்ப, உங்ககிட்டதான்."

"நல்ல கதை! கட்டடத்துல எவன் தும்மினாலும் கையைப் பிடிச்சுப் பார்க்கறீங்க, டாக்டர்கிட்ட போன்னு விரட்டறீங்க. உங்களுக்கு மட்டும் கால் இல்லையா? ஏன் போகல?"

சிஸ்டர் கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தாள். இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்தது வெளியே வந்தபோது குழந்தை சொல்வதுபோல இருந்தது. "கூட யாரு வந்திருக்காங்கன்னு கேப்பாங்க."

டைலரம்மா இன்னொரு கையை நீட்டி மிஷின் விளக்கை அணைத்தாள்.

"எட்டு மணிக்குச் சட்டையைக் கொடுத்துடுவேன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போறோம். இன்னிக்கு ராத்திரி இங்கயே படுத்துக்குங்க, மேல தனியா இருக்க வேண்டாம்" என்றாள். பிறகு, "கேட்டாங்கன்னா டைலர் வந்திருக்கான்னு சொல்லுங்க" என்றாள்.

சிஸ்டர் சிரித்தாள், கண்ணீர் சொட்டிற்று. துடைக்க ஒரு கைதான் இருந்தது, மற்றது டைலரம்மாவிடம் இருந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் நிமிடத்தைத் தாண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. நிமிஷம் ஆச்சு, போதும், கையை எடுத்துடலாம் என்று நாடி பார்க்கத் தெரிந்தவள்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை.