திரும்பிய பஸ்ஸும் காவ்யாவின் கோபமும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கண்டக்டர் அருள்தாஸ் சொன்னது. "எழுதுங்க சார். ஆனா எங்க டிரைவர் ராக்கன் அண்ணனைப் பெரிய ஹீரோவா ஆக்கிராதீங்க" என்றார்.

உடனே ஆக்கினேன். 'கருணையே உருவான ராக்கன் ஸ்டியரிங்கைத் தொட்டபோது கீழ்வானம் சிவந்து' (போதும். உண்மையில் ராக்கன் சிடுமூஞ்சி. ஏறுகிறவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறவர்.)

2

நடந்தது இது. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நாலைந்து பெண்கள் ரோட்டின் நடுவில் நின்று மறித்தார்கள். காட்டு வேலைக்கு வந்த அழகியைக் கதண்டு என்கிற விஷக் குளவி கொட்டியிருந்தது. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியும் வரக் காணோம்.

முன்னே திருமயம் தூரம். பின்னால் பொன்னமராவதி ஆஸ்பத்திரி பக்கம்.

"தூக்கி ஏத்துங்க. வண்டியத் திருப்பப் போறேன்" என்றார் ராக்கன்.

முன் சீட்டிலிருந்து காவ்யா எழுந்தாள். "அண்ணே, எனக்கு இன்னைக்குப் பரீச்சை. கேட்டைப் பூட்டிட்டா விடமாட்டாங்க."

"எறங்கி வேற வண்டி பாத்துக்கம்மா."

"இங்கிட்டு ஏதுண்ணே வேற வண்டி?"

பெண்கள் அழகியைத் தூக்கி ஏற்றினார்கள். காவ்யா இறங்கினாள். பஸ் திரும்பியது.

(அழகி பிழைத்துவிட்டார். இதை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பிழைத்ததால்தான் ராக்கன் செய்தது சரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. திருப்பும்போது அவருக்கு அது தெரியாது.)

3

என்னைப் படுத்தி எடுத்தவள் காவ்யாதான். சம்பள வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் அந்த அரசு வேலைப் பரீட்சைக்காகப் படித்தவள். கைகாட்டி நின்று, எவரோ ஒருவரின் பைக்கில் திருமயம் போய், அங்கிருந்து பஸ் பிடித்தபோது பரீட்சை தொடங்கிவிட்டது. பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றாள்.

ஒரு வரைவில் அவளை மன்னிக்க வைத்தேன். 'உயிரைவிடப் பரீட்சையா பெரிது என்று அவள் கண்ணீரோடு' என்று எழுதிவிட்டுப் படித்தேன். பொய். இன்னொன்றில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அழகியின் கையைப் பிடிக்க வைத்தேன். அதுவும் பொய். நல்ல காரியத்துக்காக என்றாலும் பறிகொடுத்தது அவள். அதற்கு அழகான வரி எழுத எனக்கு என்ன உரிமை?

ஆகவே, அருள்தாஸ் சொன்னபடியே.

4

மறுநாள் அவள் பஸ் முதலாளி பெரியண்ணனின் ஆபீசுக்கு நேரே போனாள், ராக்கன் மேல் புகார் சொல்ல. அங்கே ராக்கன் ஏற்கெனவே தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் அருள்தாஸ்.

"யாரக் கேட்டு வண்டியத் திருப்புன? ட்ரிப் கட்டாயிருச்சு. நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் பெரியண்ணன். பிறகு காவ்யாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?"

"இவரால எனக்குப் பரீச்சை போச்சு."

"பாத்தியா? பேசஞ்சரே வந்து நிக்கிறாங்க."

காவ்யா ராக்கனை ஒருதரம் திரும்பிப் பார்த்தாளாம். அப்புறம் சொன்னாள்:

"அவரு மேல கோவப்பட வேண்டியது நானுங்க. ஒங்களுக்கு ஒரு ட்ரிப்புதான போச்சு? எனக்கு ரெண்டு வருசம். நானே சொல்றேன், அவரு திருப்புனது சரி. வேலையை விட்டு எடுக்காதீங்க."

ராக்கன் நிமிர்ந்தார். "அம்மா, ரொம்ப..."

"நன்றியெல்லாம் சொல்லாதீங்கண்ணே. நான் இன்னும் ஒங்கள மன்னிக்கல."

5

இதற்குப் பெரியண்ணன் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. ராக்கன் தன் வேலையைக் கொடுத்தார், காவ்யா தன் பரீட்சையைக் கொடுத்தாள். மூன்றாவதாகக் கொடுக்க வேண்டியவர் ஒருவர்தான் மிச்சம். அந்த முதலாளி நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள்.

சொல்லுங்க.