பார்க்காமல் தந்த சான்றிதழ்

சனிக்கிழமை காலையில் ஷிங்கிராய் தன் காரின் பானெட்டைத் திறந்தால் போதும், மலைமேல் இருக்கும் எங்கள் சிகோமோ குடியிருப்பில் ஆண்கள் யாருக்கும் வீட்டில் வேலை ஓடாது. வாயில் பிரஷ்ஷோடு வந்து சுற்றி நிற்பார்கள். கார் வைத்திருப்பவன் ஒருவன், யோசனை சொல்பவர்கள் ஒன்பது பேர்.

ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து அனுப்பிய சின்னக் கார் அது. ஷிங்கிராய் மர அறுவை மில்லில் வேலை செய்பவன். மெக்கானிக் அல்ல. ஆனால் போனில் வீடியோ பார்த்தே பிளக் மாற்றினான், பெல்ட் மாற்றினான், ஆயில் வடிகட்டியைப் பிரித்துப் போட்டான். கையில் கிரீஸ் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. சர்ச்சுக்குக்கூட நகத்தில் கறுப்போடுதான் வருவான். நாங்களும் கேலி செய்யாமல் விட்டதில்லை.

கார் எதற்கு வாங்கினான் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி மெமோரிக்கு முதல் பிரசவ வலி வந்தபோது, டீசல் இல்லை என்று ஆம்புலன்ஸ் மலையேறி வரவில்லை. சோள மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியில் அவளைப் படுக்கவைத்து இறக்கினார்கள். பாதி வழியிலேயே குழந்தை போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடி எட்டாம் மாதம்.

அந்தச் சனிக்கிழமை பிரேக்கில் கோளாறு. ஊற்ற ஊற்ற பிரேக் ஆயில் பின் சக்கரத்தின் வழியே ஒழுகியது. உள்ளே இருக்கும் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது, அதை மாற்றவேண்டும் என்று ஷிங்கிராய்க்குத் தெரியும். ஆனால் தலைநகர் ஹராரேயிலிருந்து வரவேண்டிய சாமான் அது.

"அது வர வரைக்கும் எதுக்குத் தம்பி ஆயிலைக் கொட்டி மண்ணுக்கு ஊத்தற? பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணியில கலக்கி ஊத்து. எங்க மச்சான் ஆறு மாசமா அப்படித்தான் ஓட்டறான்," என்றான் பக்கத்து வீட்டு லவ்மோர்.

"நிக்குமாண்ணே?"

"நிக்காம? இந்த ஊர்ல பாதி வண்டி சோப்புத் தண்ணியிலதான் நிக்குது."

ஒன்பது பேரும் தலையாட்டினோம். எங்களில் எட்டுப் பேர் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது.

மெமோரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். ஷிங்கிராய் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தரையில் படுத்து பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினான்.

"என்னங்க, களி மேல கால வச்ச மாதிரி இருக்கு."

"இன்னும் நாலு மிதி மிதி. கெட்டியாயிடும்."

கெட்டியாகவும் ஆனது. சமதரையில் தெருமுனை வரை ஓட்டி நிறுத்திக் காட்டினான். மெமோரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு உங்க வீடியோவும் வேணாம், லவ்மோர் அண்ணன் சொல்றதும் வேணாம். வண்டிய சர்க்கார் டெஸ்ட்டுக்குக் கொண்டு போங்க. அங்க ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தா ஏறுவேன்," என்றாள். அவர்கள் வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ஷிங்கிராய் இறக்கம் குறைந்த சுற்றுவழியில் டவுனுக்குப் போனான். வாகனப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் நீண்ட வரிசை. மஞ்சள் சட்டை போட்ட தரகன் ஒருவன் கார் கண்ணாடியருகே குனிந்தான்.

"உள்ள வந்தா சக்கரத்தைக் கழட்டிப் பாப்பாங்க, ஃபெயில் பண்ணிடுவாங்க. இருபது டாலர் குடு. வண்டி இங்கயே நிக்கட்டும், தாள் மட்டும் வரும்."

பிரேக்கை அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஷிங்கிராய்க்குத் தெரியும். தெரிந்ததால்தான் கொடுத்தான். பத்து நிமிடத்தில் முத்திரை குத்திய தாள் வந்தது.

மெமோரி அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். "பிரேக்கையும் பாத்தாங்களா?"

"எல்லாம் பாத்தாங்க."

அவள் அதைத் துணிப்பையில், குழந்தைக்காகப் பின்னிய குல்லாவோடு சேர்த்து வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் மெமோரிக்கு வலி வந்தது. தெருவே திரண்டு காரில் ஏற்றியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். "இந்தத் தடவ ராஜா மாதிரி போறா," என்று லவ்மோர் கதவைச் சாத்தினான்.

ஆஸ்பத்திரிக்கு நேர்வழி ஐந்து மைல், முழுக்க இறக்கம். சுற்றிப் போக நேரமில்லை. அவளைக் குலுக்கக்கூடாதென்று ஷிங்கிராய் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் மெதுவாகவே இறக்கினான். மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுட்டது. சோப்புத் தண்ணீர், தண்ணீர் செய்வதைத்தான் செய்தது, கொதித்து ஆவியானது. மூன்றாவது வளைவில் பெடல் தரையைத் தொட்டது. கைபிரேக்கை இழுத்தான். ஒழுகி நனைந்திருந்த பின் சக்கரம் பிடிக்கவில்லை. பள்ளத்தில் போகாமலிருக்க மேட்டுப்பக்கம் ஒடித்து மண்சுவரில் மோதினான்.

மெமோரி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மூச்சு விடாமல் பிறந்த குழந்தையை எங்கள் வழக்கப்படி வயதான பெண்கள்தான் ஓடைக்கரை ஈரமண்ணில் புதைப்பார்கள். தகப்பன் வரக்கூடாது. ஷிங்கிராய் இரண்டாம் முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றான். உள்ளே போனபோது மெமோரி கேட்டது ஒன்றுதான்.

"பாத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"பாக்கல. பாக்காம இருக்கறதுக்குத்தான் காசு குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை. ஷிங்கிராயும் வேலை முடிந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான். நாங்கள் சும்மா இருப்போமா? அவன் கஞ்சன், அவசரக்காரன், வீடியோ பார்த்துக் கெட்டான் என்று ஆளுக்கொன்று பேசினோம். தலையாட்டியதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் லவ்மோர், தன் மச்சானின் அந்தச் சோப்புத் தண்ணீர்க் காரை வாங்கிவிட்டான். வியாழக்கிழமை சந்தைக்குப் போகும் பெண்களை ஆளுக்கு ஒரு டாலருக்கு ஏற்றினான். ஐந்து பேர் தக்காளிக் கூடைகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வாளியோடு வந்த மெமோரி காரின் முன்னால் நின்றாள்.

"பிரேக்கை டெஸ்ட்ல பாத்தாங்களாண்ணே?"

"சர்டிஃபிகேட் இருக்கு தங்கச்சி," என்று கண்ணாடியில் ஒட்டியதைக் காட்டினான்.

"அது எங்கிட்டயும் இருக்கு. பாத்தாங்களான்னு கேட்டேன்."

லவ்மோர் இன்ஜினைக் கிளப்பினான். "காலைல வழிய மறிச்சுக்கிட்டு..."

மெமோரி அவனை விட்டுவிட்டு, பின்னால் இருந்த பெண்களைக் குனிந்து பார்த்தாள். "லஞ்சம் குடுத்து சர்க்காரை ஏமாத்தறோம்னு இந்த வண்டிக்காரங்க நெனச்சுக்கறாங்க. சர்க்கார் இந்த வண்டியில ஏறாது. வாங்கினவன் வாசல்லயே நிப்பான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஏமாந்து போறது அந்தத் தாளை நம்பி ஏறுறவங்கதான். என் புள்ள அப்படித்தான் போச்சு."

ஒருத்தி மட்டும் கூடையோடு இறங்கினாள். மற்ற நான்கு பேரும் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்கு நேரமாகிவிட்டது.