இருவரும் விட்ட நான்கு நிமிடம்

வகுப்பறை வீடியோவில் ஒரு பிள்ளை பாடத்தைக் கவனிக்கிறதா என்று பத்து விநாடிக்கு ஒருமுறை குறிப்பதுதான் எங்கள் வேலை. நானும் என்னோடு வேலை பார்க்கும் ஐலியும் தனித்தனி அறையில் குறிப்போம். ஒப்பிட்டு முடியும்வரை பேசிக்கொள்ளக் கூடாது. இருவர் கண்ணுக்கும் ஒன்றே பட்டால்தான் அந்த ஆய்வை நம்பலாம்.

பேராசிரியர் ஹால்வர்சன் இரண்டு தாள்களையும் மேசையில் போட்டார்.

"ரெண்டு பேரும் அதே நாலு நிமிஷத்தைக் காலியா விட்டிருக்கீங்க. பேசி வச்சுக்கிட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்களே குறிச்சுப் பாருங்களேன்," என்றேன்.

"அதுக்கென்ன, வீடியோவைப் போடு!" என்று புதுத் தாளை எடுத்தார்.

திரையில் மூன்றாம் வரிசைச் சிறுமி பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, டுலூத் நகரத்து ஏரியின் மேல், அவசரமே இல்லாமல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியையின் குரல் எங்கோ தூரத்தில் கரைந்தது. ஏரி மெல்ல வெளுத்தது, பிறகு வானம், பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடும் காணாமல் போனது.

சிறுமி மறுபடி பென்சிலை எடுத்தபோதுதான் நாங்கள் மூவரும் விழித்தோம்.

ஐலி எட்டிப் பார்த்தாள். பேராசிரியரின் பேனா மூடிகூடக் கழற்றப்படவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதிக்கோ. மூணு பேருக்கும் நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது."