ஹீட்டர் குழாயும் மாப்பிள்ளையும்

வாடகைக் கார் ஓட்டுநர் காலையிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் முழுக்கத் தங்கையின் கணவர் மேல். தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையை அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வெளியே எலும்பை நடுக்கும் குளிர். கார் கதகதப்பாக இருக்க வேண்டுமென்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹீட்டரோ ஐஸ் பெட்டி மாதிரிக் காற்று விட்டது.

காரை இரவல் வாங்கிப்போன மாப்பிள்ளை, ஹீட்டருக்குப் போகும் குழாய் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார். கிளிப்பைக் கொஞ்சம் இறுக்கினால் தீர்ந்திருக்கும். கடையில் எவனோ சொன்னானென்று, ஓட்டை அடைக்கும் பொடியை டப்பாவோடு ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டார். அது ரேடியேட்டர் தண்ணீரோடு ஓடி, ஹீட்டரின் மெல்லிய குழல்களில் போய் அடைத்துக்கொண்டது.

தங்கை புருஷனை வாய்விட்டுத் திட்ட முடியுமா? அடைப்பை எடுக்க ஹீட்டர் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த ஓட்டுநரின் வசவெல்லாம் ஸ்பேனருக்குப் போயிற்று.

"டார்ச்ச நேராப் பிடிக்கவும் கடையில கேட்டுட்டு வரணுமா?" என்று மட்டும் கேட்டான். மாப்பிள்ளை வெளிச்சத்தை நகர்த்தினார்.

குழாய் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி இளக்கலாமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

"உங்க வைத்தியம் போதும், மாப்பிள்ளை."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தான். பிளாஸ்டிக் இணைப்பு இரண்டாக முறிந்து கையோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குத் தங்கையின் போன். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறாளாம், இன்னும் என்ன செய்கிறீர்கள் என்று அவள் போட்ட சத்தம் வெளியிலேயே கேட்டது. கோபத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

"நான் பண்ணின குளறுபடிதான்மா. மச்சான் பாவம், சரி பண்ணிட்டிருக்காரு. அவரை ஒண்ணும் சொல்லாத," என்றார் மாப்பிள்ளை. முறிந்த துண்டை வாங்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஓட்டுநருக்குக் கோபம் தணியவில்லை. திரும்பித் தன் மேலேயே பாய்ந்தது. அடுத்தவன் தவறையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனசைக் கடவுள் இந்த மனிதருக்குக் கொடுத்திருக்கிறார், தனக்கு வாயை மட்டும் கொடுத்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி ஹீட்டருக்குள் தண்ணீரைப் பீய்ச்சினான். கசடு பழுப்பாகக் கொட்டியது. மாப்பிள்ளை பித்தளை இணைப்போடு மூச்சிரைக்க வந்தார். பொருத்தி, கிளிப்பை இறுக்கி, வண்டியைக் கிளப்பினார்கள். சூடான காற்று வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையோடு காரில் ஏறியதுமே தங்கை புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரைத் திட்டாத. குழாயை உடைச்சு நேரமாக்கினது நான்," என்றான் ஓட்டுநர். அதையும் எரிந்து விழுகிற குரலில்தான் சொன்னான்.

"அப்ப ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வாங்க," என்றாள் தங்கை. "புள்ள தூங்குது."