கழுவிய துப்பாக்கி

தேர்தல் அறிவித்தால் கள்ளத் துப்பாக்கிக்காரன் காட்டில் ஜாலியாகத் திரிவான்; லைசென்ஸ் வைத்திருக்கிற பாவிதான் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அருணகிரியும் ஒப்படைத்திருந்தான். மலையடிவாரத்தில் அவனுடைய வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பது அந்தக் கரிமருந்துத் துப்பாக்கி ஒன்றுதான். ஓட்டு எண்ணி முடித்தும் திருப்பித் தராமல் இழுத்தடித்தார்கள். அதற்குள் பன்றிகள் பாதிக் கொல்லையை உழுதுவிட்டன.

இன்று ஏட்டு தனகோடியே போன் போட்டுக் கூப்பிட்டார். போனதும் நாற்காலி கொடுத்தார், டீயும் வந்தது. போலீஸ்காரர் மரியாதை கொடுத்தால் சந்தேகப்படத்தானே வேண்டும்!

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் மருந்து எரிந்த நெடி மூக்கில் ஏறியது. அவன் எண்ணெய் போட்டுத் துடைத்து, குழல் வாயில் துணி அடைத்துக் கொடுத்திருந்தான். துணியைக் காணோம்.

“ஏட்டய்யா, இத யாராச்சும் சுட்டாங்களா?”

“பூட்டி வெச்சத எவன் சுடுவான்? லைசென்ஸ் புதுப்பிக்கணும்ல, ரிப்போர்ட் நாங்கதான் எழுதணும். பேசாம துப்பாக்கிய வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தப் போடு. தேதிய நான் போட்டுக்கறேன்.”

கொல்லையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ஒப்படைத்தபோது தந்த ரசீதையும் தனகோடி கேட்டு வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, “கிருபானந்தம் வாத்தியாருக்கும் உனக்கும் வரப்புத் தகராறு இருந்துச்சே, இன்னா ஆச்சு?” என்றார்.

“அது எப்பவோ தீந்துபோச்சுங்க.”

“சும்மா கேட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து வெந்நீர் கேட்டு வாங்கினான். சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் உள்ளே கொண்டுபோகிற வழக்கம் அவனுக்கு இல்லை. விட்டுவைத்தால் கரிமருந்து இரும்பைத் தின்றுவிடும். குழலில் ஊற்றி, கம்பியில் துணி சுற்றி இழுத்தான். கறுப்பாக வழிந்தது. எந்தக் கழிசடை சுட்டானோ, கழுவிவைக்கக்கூடத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே தேய்த்தான்.

கடைக்குப் போயிருந்த மனைவி கமலம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“சங்கதி தெரியுமா? போன வாரம் காணாம போன கிருபானந்தம் சார் காட்டோரமா பொணமா கெடக்கறாராம். நெஞ்செல்லாம் துப்பாக்கி ரவையாம். ஏரி மண்ணு அள்றவங்க மேல கேஸ் போடாதீங்கன்னு எத்தினி பேர் சொன்னாங்க, கேட்டாரா மனுசன்?”

அருணகிரியின் கை நின்றது. போன வாரம் இந்தத் துப்பாக்கி ஸ்டேஷனில் அல்லவா இருந்தது? அதைச் சொல்ல ரசீது இல்லை. திரும்ப வாங்கிய தேதியோ, இனி தனகோடி வைத்ததுதான்.

ஜீப் வந்து வாசலில் நின்றது. இரண்டு போலீஸ்காரர்களோடு தனகோடி இறங்கினார். தரையில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரை மிதிக்காமல் சுற்றிவந்து, அருணகிரியின் கரிபடிந்த கைகளையே கொஞ்சநேரம் பார்த்தார்.

“இன்னா அருணகிரி,” என்றார் வருத்தப்படுகிறவர்போல, “அதுக்குள்ள கழுவிட்டியா?”