கழுத்தொடிந்த நாற்றுகள்

மூன்றாவது பிணம் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது.

நேற்று மாலைவரை விறைப்பாக நின்ற ஆள்தான். இன்று மண்மட்டத்தில் கழுத்து நூலாகச் சுருங்கி, இரண்டு குட்டி இலைகளும் மண்ணில் பதிய, குப்புறக் கிடந்தது. கோப்பை எண் ஐந்து.

உதோம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். முப்பத்தொரு வருடம் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிணம் அவருக்குப் புதிதில்லை. பிளாஸ்டிக் கோப்பைக்குள் பிணம் என்பதுதான் புதிது.

"லம்யை! மூணாவதும் போயிருச்சு!"

சமையலறையில் உரல் சத்தம் நின்றது. "எது?" என்றாள் மனைவி.

"அஞ்சாம் நம்பர். அதே மாதிரி. கழுத்துலதான்."

"அய்யோ பாவம். காப்பி ஆறுது. குடிச்சிட்டு வந்து அழு."

உலக்கை மறுபடி இடித்தது. உதோம் நோட்டை எடுத்து நேரம், இடம், காயத்தின் தன்மை எல்லாம் குறித்துக்கொண்டார். எட்டில் மூன்று காலி. மிச்சம் ஐந்து. சரியாக ஐந்து. இனி ஒன்று போனாலும் அவர் கதை நோங்பெட் ஊர் முழுக்க நாறிவிடும்.

எல்லாம் அந்த ஜூன் மாதம் சட்டம் மாறியதால் வந்த வினை. உதோம் வாழ்நாள் முழுக்கப் பிடுங்கி, எரித்து, வழக்கு எழுதிய செடி ஒரே நாளில் வெண்டைக்காய்க்குச் சமமாகிவிட்டது. அன்று காப்பிக் கடையில் தோங்லா காதில் ஒரு கஞ்சா இலையைச் செருகிக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வருடம் முன்பு இதே உதோம்தான் பூபான் மலையடிவாரத்தில் அவன் தோட்டத்தில் முன்னூறு செடியைப் பிடுங்கிக் கொளுத்தி, அவனை இரண்டு வருடம் உள்ளே தள்ளியவர். அந்தக் காதிலிருந்த இலை அவர் கண்ணை உறுத்தியது. வாயை மூடிக்கொண்டு நூடுல்ஸைச் சாப்பிட்டிருக்கலாம்.

"பெரிய விவசாயமாம். தூக்கிப் போட்டா முளைக்கிற களை" என்றார்.

கடையில் எல்லார் தலையும் திரும்பியது.

"ஏட்டண்ணே, உனக்குப் புடுங்கத் தெரியும். வளர்க்கத் தெரியுமா?" தோங்லா சட்டைப் பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்து மேசையில் கவிழ்த்தான். கோடு போட்ட பழுப்பு விதைகள் உருண்டன. "ஒம்போது இருக்கு. ராசியான நம்பர்தான். வெளிய நட்டா நத்தை தின்னும், கோழி கிளறும், இந்த மழையே அடிச்சுச் சாய்ச்சிரும். வீட்டுக்குள்ள முளைக்க வை. பிக்குங்க மழைக்கால நோன்பு தொடங்குற அன்னிக்கு நாலு அடுக்கு இலையோட அஞ்சு செடி காட்டு. ஜெயிச்ச ஆளு கால்ல விழுந்து குருவேன்னு கூப்பிடுறேன்."

"காட்டலைன்னா?"

"ஊர்க் குழாய்ல சொல்லணும். தோங்லா வளர்த்தது பயிரு, நான் புடுங்கினது தப்புன்னு. காலையில, பன்னிக்கறி விலை சொல்றதுக்கு முன்னாடி."

கம்பத்தில் கட்டிய அந்த ஒலிபெருக்கிக் குழாயில் தினமும் காலை ஆறு மணிக்கு ஊர்த்தலைவி பேசுவாள். யார் எருமை காணோம், யாருக்கு முதியோர் பணம், எங்கே கொசு மருந்து. அதே குழாயில் முப்பது வருடம் ஊரை மிரட்டியவர் உதோம். அதில் போய் மன்னிப்புக் கேட்பதைவிட உப்பில் மீன் ஊறி நாறும் ஜாடிக்குள் கழுத்துவரை உட்காரலாம்.

ஆனால் இதுவரை எதிலும் அவர் தப்புச் செய்ததாகத் தெரியவில்லை. விதைகளை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்தார். ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, கதகதப்புக்காக ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றினார். மூன்றாம் நாள் எட்டு விதைகள் வாய் பிளந்து வெள்ளை வேர் நீட்டின. ஒன்பதாவது மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட கைதிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"இதைத் தூக்கிப் போடு" என்று லம்யையிடம் கொடுத்தார்.

"ஒம்போதை எட்டாக்குறான் பாரு, கூறுகெட்ட மனுசன்" என்று முனகிக்கொண்டு அவள் அதை முற்றத்துக்கு எடுத்துப்போனாள்.

மகள் ராயோங் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவள் அறை காலி. அங்கே எட்டுக் கோப்பைகள். அடியில் சுட்ட ஆணியால் ஓட்டை. தேங்காய் நாரும் கருக்கிய உமியும் கலந்த லேசான மண். வேர் கீழே பார்க்க, விரல் நகம் ஆழத்துக்கு நட்டார். தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளை விளக்கு, தினம் பதினாறு மணி நேரம். விளக்கு தூரமாக இருந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி ஒல்லிப்பிச்சானாக ஓடும் என்று படித்திருந்தார். மூலையில் குட்டி மின்விசிறி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஆஜர் எடுத்து, ஆளுக்கு ஒரு கரண்டித் தண்ணீர். இதைவிட வசதியான லாக்கப் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. பிறகு எப்படிச் சாகும்?

ஒரே பதில்தான். சதி.

காப்பியைக்கூடக் குடிக்காமல் சைக்கிளை மிதித்துத் தோங்லாவின் தோட்டத்துக்குப் போனார். தோங்லா வரப்பில் உட்கார்ந்து ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மரியாதையா சொல்லிரு. ராத்திரி என் வீட்டுக்கு வந்தியா?"

"எதுக்கு? உன் மூஞ்சியப் பகல்ல பாக்குறதே பெரும்பாடு."

"மூணு செத்துருச்சு. கழுத்தை நெரிச்ச மாதிரி."

தோங்லா உருண்டையைக் கீழே வைத்தான். "தண்டு மண்ணைத் தொடுற இடத்துல, நூல் மாதிரி?"

"ஆமா."

"மேல்மண்ணைத் தொட்டுப் பாத்தியா?"

"ஈரமாத்தான் இருக்கு. நல்லதுதானே?"

"நல்லதா? கழுத்தழுகல்யா அது. பூஞ்சை. மேல்மண்ணு காயாமயே கிடந்தா வரும். பச்சப்புள்ளைய நாள் முழுக்கத் தொட்டித் தண்ணிக்குள்ள உக்கார வெச்சா என்ன ஆகும்? நீ எவ்ளோ ஊத்துற?"

"ரெண்டு வேளை. ஒவ்வொரு கரண்டி."

"அதுவே அதிகம். ஆனா அதுக்கே இவ்ளோ சீக்கிரம் மூணு விழாதே..." தோங்லா தாடையைச் சொறிந்தான். பல்லில் ஒட்டிய சோற்றோடு சிரித்தான். "ஏட்டண்ணே, கொலைகாரன் உன் வீட்டுக்குள்ளயே இருக்கான். வேற யாரோ ஊத்துறாங்க."

மறுநாள் விடியற்காலை அறை வாசலில் அரிசிமாவை மெல்லிசாகத் தூவினார் உதோம். ஆறரைக்கு வந்து பார்த்தால் வெறுங்கால் தடம். சின்னப் பாதம், இடது குதிகாலில் வெடிப்பு. உள்ளே போன தடம், வெளியே வந்த தடம், நடுவே சொட்டுச் சொட்டாக ஈரம். நாடா வைத்து அளந்தார். நோட்டில் குறித்தார். முப்பத்தெட்டு வருடமாக ஒரே பாயில் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கால் அது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த நாள் ஐந்தரைக்கே மகளின் அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தார். முட்டி வலித்தது. அந்துருண்டை வாசனையில் தும்மல் தும்மலாக வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். தெருவில் பிக்குகள் பிச்சைக்கு வந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு கிறீச்சிட்டது.

ஒரு வெண்கலக் கிண்ணம். ஒரு ஓலைத் துடைப்பம். வாயில் ஏதோ மந்திர முணுமுணுப்பு. துடைப்பம் கிண்ணத்தில் முங்கி, கோப்பைகள்மேல் சளப் சளப் என்று உதறியது. ஒரு தடவை இல்லை. கோப்பைக்கு ஒன்பது தடவை.

"அசையாதே!" அலமாரிக் கதவை உதைத்துக்கொண்டு பாய்ந்தார் உதோம்.

"ஐயோ பேய்!" என்று அலறி லம்யை கிண்ணத்தை வீசினாள். அவர் நெற்றியில் பட்டுத் தெறித்த கிண்ணம், மிச்சத் தண்ணீரையெல்லாம் இரண்டாம் நம்பர் கோப்பையில் கொட்டிவிட்டு உருண்டது.

"அடிப்பாவி! நீயா?"

"நீயா அலமாரிக்குள்ள? என் உசிரே போச்சு! வயசான காலத்துல அலமாரிக்குள்ள என்னய்யா வேலை?"

"என்னத்தை ஊத்துற?"

"கோயில் பெரிய பிக்கு சாமி மந்திரிச்சுக் குடுத்த தீர்த்தம். நீ குழாய்ல ஏறி அசிங்கப்பட்டா நான் சந்தைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? முளைச்ச நாள்லருந்து தெளிக்கிறேன்."

"அந்தத் தண்ணிதான்டி கொன்னுச்சு!"

லம்யை இடுப்பில் கை வைத்தாள். "என்ன சொன்ன? சாமி தண்ணி கொன்னுச்சா? எழுதிக்கோ. புகார் எழுதிக்கோ. கோயிலுக்குப் போய்ப் பெரிய சாமிய விலங்கு மாட்டிக் கூட்டிட்டு வா. அப்ப நீ ரெண்டு வேளை ஊத்துனது என்ன, பன்னீரா?"

உதோம் கையால் தடவிப் பார்த்தார். நெற்றி புடைத்திருந்தது.

இரண்டாம் நம்பர் அடுத்த நாளே கழுத்து ஒடிந்தது. மிச்சம் நான்கு.

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பூட்டு. ஈர மேல்மண்ணை ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு உலர்ந்த மணலைத் தூவினார். மின்விசிறியைப் பக்கத்தில் நகர்த்தினார். இலைகள் லேசாக ஆடவேண்டும், படபடக்கக் கூடாது. மேலே ஒரு சொட்டும் கிடையாது. கோப்பையைத் தூக்கிப் பார்த்துக் காகிதம்போல் லேசாக இருந்தால் மட்டும், தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச விட்டார். உரம் போடக் கை நமைத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்கும் பிழைத்துக்கொண்டன. ஓரடுக்கு, இரண்டடுக்கு, மூன்றடுக்கு, கடைசியில் நான்கடுக்கு என்று விரல் விரித்தன. ஒருநாள் தனியாக இருந்தபோது நான்காம் நம்பரிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார். யாரும் பார்க்கவில்லை.

நோன்பு தொடங்கும் நாள் காலையில்தான் ஐந்தாவதைப் பார்த்தார்.

முற்றத்து மூலையில் ஒற்றைத் தூண்மேல், வீட்டைக் காக்கும் மனைச்சாமியின் குட்டி வீடு. அதன் முன்னால், வெட்டவெளியில், ஊதுபத்தி செருகும் மண்சட்டி. சட்டி மணலிலும் சாம்பலிலும் ஊதுபத்திக் குச்சிகளுக்கு நடுவே பென்சில் தடிமன் தண்டோடு ஐந்தடுக்கு இலை விரித்து ஒரு கஞ்சாச் செடி நின்றது. மழை பெய்தால் நனைந்து, வெயில் அடித்தால் காய்ந்து, யாரும் சீண்டாமல் வளர்ந்திருந்தது. ஒன்பதாவது விதை.

"லம்யை! அஞ்சு! அஞ்சு ஆயிருச்சு!" கரண்டியோடு ஓடினார்.

அவள் குறுக்கே நின்றாள். கையில் சாமிக்கு வாங்கிய சிவப்பு சோடா, ஸ்ட்ரா போட்டபடி. "தொட்டா கைய ஒடிச்சிருவேன். சாமிக்குக் குடுத்தது."

"நான் தூக்கிப் போடச் சொன்ன விதைடி!"

"ஆமா. நீ வேணாம்னு சொன்ன. அவரு வாங்கிக்கிட்டாரு. குடுத்ததைத் திருப்பிப் புடுங்குனா அப்புறம் இந்த வீட்ல யாரும் நிம்மதியாத் தூங்க முடியாது."

அதற்குள் தோங்லா வந்துவிட்டான். மகள் அறைக்குள் போய், ஒவ்வொரு தண்டாகத் தொட்டுப் பார்த்தான். "பரவால்லையே. நாலும் நல்லா வந்திருக்கு. அஞ்சாவது எங்க?"

வெளியே வந்தவன் கண் மண்சட்டியில் விழுந்தது. மெல்லச் சீட்டி அடித்தான். "அது யாரு வளர்த்தது?"

உதோம் வாயைத் திறந்தார். என்னுது. ஒரு சொல் போதும். அடுத்தவர் முற்றத்தில் நின்றதையெல்லாம் முப்பத்தொரு வருடம் 'கைப்பற்றப்பட்டது' என்று எழுதிய கை அவருடையது. அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. லம்யை அவரையே பார்த்தாள். சோடாவில் குமிழி வெடித்தது.

"மனைச்சாமியோடது" என்றார். "நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல. அதான் உசிரோட இருக்கு."

மறுநாள் ஆறு மணிக்குக் குழாய் கரகரத்தது.

"ஊர் மக்கள் கவனத்துக்கு. நான் உதோம். பத்தொம்போது வருசத்துக்கு முன்னாடி தோங்லா தோட்டத்துல முன்னூறு செடியப் புடுங்கினது நான்தான். களைன்னு சொன்னேன். களை இல்ல. பயிரு. ஒம்போது விதை வாங்கி நாலுதான் தேத்த முடிஞ்சுது. முன்னூறு வளர்க்கிறது லேசு இல்ல. அவ்வளவுதான். வணக்கம்."

"மாமா, 'தப்பு'ன்னு சொல்லல" என்ற ஊர்த்தலைவியின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"...தப்பு."

"கரகரன்னு இருந்துச்சு. இன்னொரு தடவை."

"தப்பு! தப்பு! போதுமா?"

"போதும் மாமா. அடுத்து பன்னிக்கறி விலை."

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைச்சாமி வீட்டு முன்னால் தோங்லா மண்ணில் நெற்றி படக் கிடந்தான்.

"என்னய்யா பண்ற?"

"ஜெயிச்ச ஆளு கால்ல விழுறேன்னு சொன்னேன்ல?" தோங்லா தலையைத் தூக்காமலே சொன்னான். "குருவே, அஞ்சடுக்கு! என் தோட்டத்துலகூட இப்படி வரல."

உதோம் செருப்பைக் கழற்றினார். பிறகு அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டார்.

பின்னாலிருந்து காலடிச் சத்தம். லம்யை வெண்கலக் கிண்ணத்தோடும் ஓலைத் துடைப்பத்தோடும் வந்துகொண்டிருந்தாள், முகமெல்லாம் பக்தி.

"ஊத்தாத!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.